முதல் ஸ்லைடிலேயே கூட்டம் போனுக்குள் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குத் தீ பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். முதல் ஸ்லைடு வரும்போதே பாதிப் பேர் தலை குனிந்துவிடுகிறார்கள். ஜோக் சொல்லித் தொடங்கு என்கிறார்கள். எனக்கு அது வராது. வேறு வழி உண்டா?

பதில் 1: ஜோக்கெல்லாம் வேண்டாம். ஸ்லைடு போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மின்பலகையில் தீ. தண்ணீர், நுரை, கார்பன் டை ஆக்சைடு, எந்த அணைப்பானை எடுப்பீர்கள்?" கை தூக்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் வாதாடவிட்டு, மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் இயற்பியல் வகுப்பில் பரவலாக்கிய முறை இது. தப்பாக ஊகித்தவருக்கும் பிறகு சரியான விடை நன்றாக மனதில் நிற்கும்.

பதில் 2: பெயர், பதவி, "இன்றைய தலைப்புகள்" ஸ்லைடையும் தூக்கிவிடுங்கள், யாரும் படிப்பதில்லை. வாதாடும்போது திரை கறுப்பாகவே இருக்கட்டும். பவர்பாயிண்ட் ஓடும்போது பி (B) விசையைத் தட்டினால் போதும்.

கேட்டவர்: பி விசை தெரியாதே! சரி, நிஜ அணைப்பான்களையே மேசையில் வைத்துக் கேட்கலாமா?

பதில் 1: தாராளமாக. லேபிளை மட்டும் மறைத்துவிடுங்கள்.