மூன்று பிரவுசர்களின் சோதனை முடிவுகளை டெஸ்ட்ரெயிலுக்குத் தானாக அனுப்புவது எப்படி?

குரங்குச்சாவடி எழுதியது:

வணக்கம். சேலம் குரங்குச்சாவடி பக்கம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றால் நானும் இன்னொரு பெண்ணும்தான். வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரிகளுக்காக ஓர் ஆர்டர் தளம் உருவாகிறது. எடை, சேதாரம், கூலி, அன்றைய வெள்ளி விலை, ஜிஎஸ்டி என்று கணக்கு நீளும். இதற்கான பிரவுசர் சோதனைகளைப் பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் எழுதியிருக்கிறோம். இரவில் ஜென்கின்ஸ் என்ற, வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள் அவற்றைக் குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றிலும் ஓட்டி, ஜேயூனிட் என்ற சோதனை அறிக்கை வடிவில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பைத் தருகிறது.

வாடிக்கையாளரின் தரப் பிரிவு பெங்களூரில் இருக்கிறது. அவர்கள் சோதனைகளையும் முடிவுகளையும் பதிந்து நிர்வகிக்கும் டெஸ்ட்ரெயில் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்குள் முடிவுகள் அங்கே ஏறியிருக்க வேண்டும். இப்போது ஒரு திரையில் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு திரையில் ஒவ்வொரு டெஸ்ட் கேஸுக்கும் (அங்கே ஒரு சோதனைக்கான பதிவு) தேறியது, தவறியது என்று கையால் குறிக்கிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நமக்கு உள்ளூர் விடுமுறை, பெங்களூருக்கு இல்லை. அன்றைக்கும் யாராவது ஒருவர் வந்து இந்தக் குமாஸ்தா வேலையைப் பார்த்தாக வேண்டும்.

உடன் வேலை செய்பவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தார். அது சோதனையின் தலைப்பை வைத்து டெஸ்ட் கேஸைத் தேடும். கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். எங்கள் தலைப்புகள் தமிழில் இருக்கின்றன. ஒன்றில் 'கூலி' என்றிருந்ததை 'செய்கூலி' என்று திருத்தினோம். மறுநாள் ஒரே சோதனைக்கு இரண்டு டெஸ்ட் கேஸ்கள் நிற்கின்றன. அதைவிடக் குழப்பமானது, பயர்பாக்ஸில் தவறிய சோதனை ஒன்று டெஸ்ட்ரெயிலில் பச்சையாகத் தெரிகிறது. எங்கே கோளாறு?

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

சொந்த ஸ்கிரிப்ட் எதற்கு? டெஸ்ட்ரெயில்காரர்களே டிஆர்சிஎல்ஐ என்று கட்டளை வரிக் கருவி ஒன்று தருகிறார்கள். பைத்தானில் எழுதியது, பிப் வழியாக நிறுவலாம். ஜேயூனிட் கோப்பைக் கொடுத்தால் அதுவே ரன் (ஒரு முறை ஓட்டியதன் முடிவுத் தொகுப்பு) உருவாக்கி முடிவுகளை ஏற்றிவிடும். டெஸ்ட்ரெயில் நிர்வாகி ஏபிஐ (பிற நிரல்கள் அதோடு பேசும் வழி) அனுமதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தினமும் ஏற்றுவது வீண் என்பது என் கருத்து. வெளியீட்டுக்கு முந்தைய ஓட்டத்தை மட்டும் ஏற்றுங்கள். இரவு முடிவுகள் ஜென்கின்ஸிலேயே இருக்கட்டும்.

நாகலூர் மிளகு எழுதியது:

தங்கச்சி, பச்சையின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட்ரெயிலில் ஒரு ரனுக்குள் ஒரு டெஸ்ட் கேஸ் ஒரு முறைதான் இருக்கும். அதற்கு எத்தனை முடிவுகளை அனுப்பினாலும் கடைசியாக வந்ததே அதன் நிலை. பயர்பாக்ஸின் தோல்வி முன்னால் போய், வெப்கிட்டின் வெற்றி பின்னால் போனால் பச்சை விழும். தோல்வி அழிந்துவிடவில்லை, அந்தக் கேஸின் வரலாற்றில் கிடக்கிறது. ஆனால் பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்?

மூன்று பிரவுசர்களுக்கு மூன்று ரன்கள் வேண்டும். டெஸ்ட்ரெயிலில் டெஸ்ட் பிளான் ஒன்றை உருவாக்கி, பிரவுசர் என்ற கான்ஃபிகரேஷன் தொகுப்பில் மூன்று பெயர்களையும் சேர்த்தால் ஒரே பிளானுக்குள் மூன்று ரன்களும் அடுத்தடுத்து நிற்கும். பிளேரைட்டின் ஜேயூனிட் கோப்பில் எந்த முடிவு எந்தப் பிரவுசருடையது என்பது ஒவ்வொரு டெஸ்ட்சூட் (சோதனைத் தொகுப்பு) பகுதியின் ஹோஸ்ட்நேம் பண்பில் இருக்கிறது. அந்த இடத்தில் யாரும் தேட மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். அதைப் பார்த்துக் கோப்பை மூன்றாகப் பிரிக்கலாம். அல்லது ஜென்கின்ஸில் மூன்று தனி ஓட்டங்களாக வைத்துவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், பிரிக்கும் வேலையே இருக்காது.

அடுத்தது தலைப்பு. செவ்வாய்ப்பேட்டை அண்ணா சொன்ன கருவி நல்ல கருவிதான், ஆனால் ஆட்டோ என்ற இயல்பு முறையில் அதுவும் ஜேயூனிட் கோப்பில் உள்ள கிளாஸ்நேமையும் சோதனைப் பெயரையும் ஒட்டித்தான் கேஸைப் பொருத்துகிறது. உங்கள் செய்கூலிச் சிக்கல் அப்படியே திரும்பி வரும். ஆகவே பிராப்பர்ட்டி முறைக்கு மாற்றுங்கள். பிளேரைட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அன்னொடேஷன் (கூடுதல் குறிப்பு) வையுங்கள். அதன் வகை டெஸ்ட்_ஐடி, மதிப்பு டெஸ்ட்ரெயில் தரும் சி எழுத்துடன் கூடிய எண். பிளேரைட் அதை ஜேயூனிட் கோப்பில் பிராப்பர்ட்டியாக எழுதிவிடும். பிறகு தலைப்பில் கூலியைச் செய்கூலி ஆக்கினாலும், தலைப்பையே தூக்கிவிட்டு வேறு எழுதினாலும் கேஸ் மாறாது. தெரியாத சோதனை வந்தால் புதிய கேஸ் உருவாக்கவா என்று அந்தக் கருவி கேட்கும். இல்லை என்று முன்கூட்டியே பதில் தரும் விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். நள்ளிரவில் ஆளில்லாத இயந்திரம் வாடிக்கையாளரின் கேஸ் பட்டியலில் கை வைக்கக் கூடாது.

இப்போது யாரும் கேட்காத ஒன்று. முடிவுக் கோப்பிலிருந்து ரன் உருவாக்கினால், ஓடிய சோதனைகள் மட்டுமே அந்த ரனில் இருக்கும். பாதியில் ஜென்கின்ஸ் இயந்திரம் நின்றுபோனால்? நாற்பது சோதனைகள் ஓடின, நாற்பதும் தேறின, எல்லாம் பச்சை. ஓடாமல் போன மீதிக்குச் சுவடே இருக்காது. முடிவுகளைத் தானாக அனுப்பத் தொடங்கிய குழுக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பேன், சிவப்பு விழும் இடத்தில் அல்ல. ஆகவே சோதனைகள் தொடங்கும் முன்பே ஏபிஐ வழியாகப் பிளானையும் ரன்களையும் உருவாக்குங்கள், வர வேண்டிய கேஸ் எண்கள் அனைத்தையும் கொடுத்து. எல்லாம் அன்டெஸ்டட் (சோதிக்கப்படாதது) என்று சாம்பல் நிறத்தில் தொடங்கும். விடிந்த பிறகும் சாம்பலாக இருப்பது ஓடவில்லை என்று பொருள். வேண்டுமென்றே தவிர்த்த சோதனைகளுக்கும் முடிவு அனுப்பாமல் விட்டுவிடலாம். அன்டெஸ்டட் என்பதை ஒரு முடிவாக அனுப்ப முயலாதீர்கள், ஏபிஐ ஏற்காது.

நான் ஏற்காட்டிலிருந்து வேலை செய்கிறேன். பனி இறங்கி மழையும் சேர்ந்தால் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சில்வர் ஓக் மரங்களுக்குத்தான் தெரியும். ஒரு கிளை விழுந்தால் போதும். அதனால் சோதனை ஓட்டுவதையும் முடிவு அனுப்புவதையும் ஒரே கட்டளையில் கட்ட மாட்டேன். கோப்பு முதலில் வட்டில் விழ வேண்டும், அனுப்புவது தனிப் படி. அனுப்பும் படி தோற்றால் அதை மட்டும் திரும்ப ஓட்டலாம்.

சொந்த ஸ்கிரிப்டையே தொடர்வதாக இருந்தால் மூன்று செய்திகள். முடிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்பும் அழைப்பைப் பயன்படுத்துங்கள். கிளவுட் பதிப்பில் நிமிடத்துக்கு இத்தனை அழைப்புகள் என்று வரம்பு உண்டு, தாண்டினால் 429 என்ற பிழை எண் வரும். மொத்தமாக அனுப்பும்போது அந்த ரனில் இல்லாத ஒரே ஒரு கேஸ் எண் கலந்திருந்தாலும் 400 என்ற பிழையோடு திரும்பிவிடும், ஆகவே அனுப்பும் முன் எண்களைச் சரிபாருங்கள். எடுத்துக்கொண்ட நேரம் அரை வினாடிக்குக் குறைந்தால் அது பூஜ்யமாக உருளும், பூஜ்ய வினாடியை டெஸ்ட்ரெயில் ஏற்காது. ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

தினமும் ஏற்ற வேண்டுமா என்பதில் செவ்வாய்ப்பேட்டை அண்ணாவோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் கேட்பதை வீண் என்று பெங்களூருக்கு யார் சொல்வது? ஆனால் ரனைத் தானாக மூட வேண்டாம். மூடிய ரனைத் திரும்பத் திறக்க முடியாது. மனிதர் ஒருவர் பார்த்த பிறகு மூடட்டும்.

ஓமலூர் ரோடு எழுதியது:

எங்களிடம் டெஸ்ட்லிங்க் என்ற இலவசக் கருவிதான் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வழியில்லை. இதெல்லாம் அதில் முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

முடியும். டெஸ்ட்லிங்க்கில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற ஏபிஐ வழியாக முடிவு அனுப்பலாம். டெஸ்ட் பிளான், பில்ட் (சோதிக்கும் பதிப்பு), டெஸ்ட் கேஸின் வெளி எண் மூன்றும் தேவை. தேறினால் பி (p), தவறினால் எஃப் (f), தடைப்பட்டால் மீண்டும் பி (b). ஆங்கிலத்தில் அவை வேறு வேறு எழுத்துகள், தமிழில் எழுதினால்தான் ஒன்றாகிவிடுகின்றன. பிளாட்ஃபார்ம் என்ற பிரிவில் பிரவுசர்களைப் பிரித்துக்கொள்ளலாம். நாகலூர் அம்மா சொன்ன கேஸ் எண் ஒழுங்கு இங்கேயும் அப்படியே பொருந்தும்.

குரங்குச்சாவடி எழுதியது:

அக்கா, மிகவும் நன்றி. மூன்று தனி ஓட்டங்களாகப் பிரித்துவிட்டேன், பயர்பாக்ஸ் சிவப்பு இப்போது சிவப்பாகவே தெரிகிறது. இரண்டு சந்தேகங்கள். பிளேரைட்டில் மறுமுயற்சி வைத்திருக்கிறோம். முதல் முறை தவறி இரண்டாம் முறை தேறுபவற்றை என்னவென்று அனுப்புவது? பெங்களூரில் இன்னொன்றும் கேட்கிறார்கள்: ஒவ்வொரு தோல்விக்கும் ஜிரா என்ற புகார் பதிவு மென்பொருளில் தானாக ஒரு புகார் பதிவாக வேண்டுமாம்.

நாகலூர் மிளகு எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு: இயல்பாக விட்டால் ஜேயூனிட் கோப்பில் அவை தேறியவையாகவே வரும். பிளேரைட்டுக்குள் மட்டும் ஃப்ளேக்கி என்ற தனிப் பெயர் உண்டு. சிறிய ரிப்போர்ட்டர் (அறிக்கை எழுதும் நிரல்) ஒன்றை நீங்களே எழுதினால் அதைப் பிடித்துவிடலாம். டெஸ்ட்ரெயிலில் நிர்வாகி புதிய நிலை ஒன்றைச் சேர்க்க முடியும். 'தடுமாறித் தேறியது' என்று மஞ்சளில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளி விலையை வெளியிலிருந்து வாங்கும் தளத்தில் இந்த மஞ்சள்தான் அதிகம் பேசும். விலை வர ஒரு நொடி தாமதித்தால் மொத்தத் தொகை தவறும், மறுமுயற்சியில் சரியாகிவிடும். வியாபாரி மறுமுயற்சி செய்ய மாட்டார், ஃபோனை எடுத்துத் திட்டுவார்.

இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்நுழைவுப் பக்கத்தில் ஒரு பொத்தானின் பெயர் மாறினால் எல்லாச் சோதனைகளும் சேர்ந்து விழும், ஒரே காரணத்துக்கு ஜிராவில் ஒரு மலையே குவியும். முடிவோடு டிஃபெக்ட்ஸ் என்ற புலம் இருக்கிறது. காலையில் நீங்கள் சிவப்புகளைப் பார்த்து, காரணத்துக்கு ஒன்றாகப் புகார் எழுதி, அந்த எண்ணை அதே காரணத்தால் விழுந்த எல்லா முடிவுகளிலும் போடுங்கள். இது கையால் செய்ய வேண்டிய வேலைதான். கேஸ்களைக் குறிக்கும் வேலை போனதில் மிஞ்சிய நேரம் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை முடிவோடு இணைக்கும் எண்ணம் இருந்தால் சோதனைத் தரவில் உண்மையான வியாபாரிகளின் ஜிஎஸ்டி எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தரவை மாற்றிய பிறகுதான் இணைக்க வேண்டும். ஏபிஐ சாவியையும் உங்கள் சொந்தக் கணக்கில் எடுக்காதீர்கள். தனிப் பயனர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தச் சாவியை ஜென்கின்ஸின் ரகசியப் பெட்டகத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பண்டிகை அன்று நீங்கள் விடுமுறையில் இருக்கும்போதும் இரவு ஒரு மணிக்கு உங்கள் பெயரில் முடிவுகள் ஏறிக்கொண்டிருக்கும், யாராவது விளக்கம் கேட்பார்கள்.