வெள்ளி பிறையாகத் தெரிந்த சாயங்காலம்

2025 பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். புதுச்சேரியில் ஒரு பள்ளி மைதானத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். நான், மூன்றாவது படிக்கும் மகள், துணைக்கு என் மாமனார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர் அவர்.

வியாழனைச் சீக்கிரமே பார்த்துவிட்டோம். வெள்ளிக்குத்தான் வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது மேகம் வந்து மூடிவிட்டது. எட்டரை வாக்கில் வெள்ளி இறங்கிவிடும் என்றார்கள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்த மாணவி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்ன கதையை நான் மறக்கவே மாட்டேன். சூரியனை வெள்ளி கடந்து போவதைப் பார்க்க, லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் இதே ஊருக்குக் கப்பலேறினார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் இறங்க முடியவில்லை. ஆடுகிற கப்பலில் இருந்து அளந்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த கடப்பு 1769இல். அதுவரை இந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். இங்கே நம் ஆள் ஒருவர் சோழி வைத்துக் கிரகணம் கணிப்பதைப் பார்த்து அதையும் கற்றுக்கொண்டார். கடைசியில் அந்த நாள் காலையில், சரியாக அந்த நேரத்துக்கு மேகம்.

"எட்டு வருஷமா அக்கா?" என்றாள் மகள். அழுகை நின்றுவிட்டது.

மேகம் விலகியதும் முக்காலியில் ஏறி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, நிலா தெரியுது!"

நேற்றுதான் அமாவாசை. அந்த மாணவி ஒரு பந்தை எடுத்து, செல்போன் வெளிச்சத்தைக் காட்டி, வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வர வர அதன் ஒளிபட்ட பக்கம் நமக்கு மறைவதைப் புரியவைத்தார்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார். "இது இன்னும் ஒரு மாசத்துல கிழக்கே போயிடும்மா, விடிவெள்ளியா வரும்" என்றார். மாணவர்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எதை வைத்து நேரம் பார்ப்பீர்கள், கரை தெரியாதபோது என்ன செய்வீர்கள் என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டார்கள். வீட்டில் நாங்கள் யாருமே அவரிடம் கேட்டதில்லை. இப்படி வானம் காட்டுகிறவர்கள் குழந்தைகளோடு வரும் பெரியவர்களிடமும் தயவுசெய்து பேச்சுக் கொடுங்கள்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, அவரே பேத்தியை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப்போனார். கடலுக்கு மேலே வெள்ளி. "தாத்தா, இப்போ பிறை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?" என்று கேட்டாளாம்.

"அதை அந்த அக்காவைத்தான் கேக்கணும்" என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.