ஆர்ட்டிஃபாக்ட், ஹாலுசினேஷன்: இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது?

மதுரை, கதிரியல் பட்டய வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். என் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்.

முதலாவது ஆர்ட்டிஃபாக்ட். படத்தில் தெரியும், உடம்பில் இருக்காது. பல்லில் உலோகம் அடைத்தவருக்கு சி.டி. எடுத்தால் அங்கிருந்து வெள்ளைக் கோடுகள் நாலாபுறமும் தெறிக்கும். எம்.ஆர்.ஐ.யில் சில நேரம் தண்டுவடத்தின் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடும். கருவி சேகரிக்கும் தரவை ஓர் எல்லையோடு நிறுத்திவிட்டதால் வந்தது அது. விவரம் தெரியாதவர் தண்டுவடத்துக்குள் நீர் கோத்திருக்கிறது என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது புதிது. நோயாளி குழாய்க்குள் படுத்திருக்கும் நேரத்தைக் குறைக்க, தரவில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நியூரல் நெட்வொர்க்கை (பழைய படங்களைப் பார்த்துக் கற்ற கணினி நிரலை) வைத்து நிரப்புகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவும் ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. திட்டம் இதற்குத்தான். 2020இல் அவர்கள் நடத்திய மூளைப் படப் போட்டியில், முழுத் தரவோடு எடுத்த மூலப் படத்தில் இல்லாதவை சில, இப்படி நிரப்பி மீட்டெடுத்த படங்களில் முளைத்திருப்பதைக் கதிரியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதை ஹாலுசினேஷன் என்கிறார்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று ஆர்ட்டிஃபாக்ட்டைத் ‘தொல்பொருள்’ ஆக்கியது. ‘மூளையில் தொல்பொருள்கள் காணப்படும்’ என்று ஒரு மாணவி தேர்விலேயே எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் கொடுக்காதவர்கள் நாம்தானே?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அம்மா, முதலாவதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘கானலின் நீரோ, வெறும் காட்சிப் பிழைதானோ’ என்று பாரதி கேட்டாரே, அந்தக் காட்சிப்பிழைதான். படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் புரியும்.

திருச்சி, அல்ட்ராசவுண்ட் மருத்துவர்:

‘பிழை’ வேண்டாம். பித்தப்பைக் கல்லை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறேன்? கல் ஒலியை மறித்துவிடும், அதன் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும். அந்த நிழலும் பாடநூல்படி ஆர்ட்டிஃபாக்ட்தான். ஆனால் அதைப் பார்த்துத்தான் ‘கல்’ என்று உறுதியாகச் சொல்கிறேன். தினமும் எனக்கு உதவுகிற ஒன்றைப் பிழை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு நிழலை நீக்குகிற பொத்தானை அழுத்திவிட்டுக் கல்லைத் தவறவிடுவார்கள்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்:

வணக்கம். கையேட்டில் இமேஜுக்குப் படிமம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததும் படிப்பிப்பதும் விம்பம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. எங்கள் வழக்கையும் கவனியுங்கள். ஆர்ட்டிஃபாக்ட்டுக்கு ‘விம்பப் போலி’ பொருந்தும் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

போலி கூடாது. அஞ்சு என்பதை ஐந்தின் போலி என்கிறோம், பொருள் மாறுவதில்லை. இங்கே மாறுகிறது. படிமத்தைக் கைவிடவும் நான் ஒப்பமாட்டேன். படி என்றால் ஒப்பு. ‘படி எடுத்தல்’ என்று இன்றும் சொல்கிறோம். ‘பல்புகழ் நிறுத்த படிமையோனே’ என்பது தொல்காப்பியப் பாயிரம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பாயிரத்துப் படிமைக்கு உரையாசிரியர்கள் தவ ஒழுக்கம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். உருவத்தைக் குறிக்கும் படிமம், ‘பிரதிமை’ என்ற வடசொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பாரும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. வடவெழுத்தை நீக்கி எழுதினால் வடசொல்லும் நம் சொல்லே என்று அதே தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது.

மதுரை, ஆசிரியை:

படிமம் கையேட்டில் 40 இடத்தில் வந்துவிட்டது. அது இருக்கட்டும். கேட்ட இரண்டைப் பாருங்கள், தயவுசெய்து.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

மன்னியுங்கள் அம்மா. இரவெல்லாம் மருத்துவர் சொன்ன நிழலையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொற்கள் புணரும்போது, அதாவது சேரும்போது, வரும் மாற்றங்களை ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’ என்கிறது நன்னூல். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி: இல்லாத ‘ங்’ தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம்: திரிகிறது. மரமும் வேரும் மரவேர்: ‘ம்’ கெடுகிறது. உடம்பும் கருவியும் புணரும்போதும் இதேதான் நடக்கிறது. தண்டுவடத்தில் கோடு தோன்றுகிறது, அசைந்த உறுப்பு திரிகிறது, கல்லுக்குப் பின்னால் ஒலி கெடுகிறது. பொற்குடத்தை யாரும் பிழை என்பதில்லை. விதி தெரிந்தவன் பிரித்தால் பொன்னும் கிடைக்கும், குடமும் கிடைக்கும். ஆகவே முதலாவதற்கு ‘விகாரம்’ என்று முன்மொழிகிறேன்.

சேலம், ஸ்கேன் டெக்னீஷியன்:

ஐயா, விளக்கம் அருமை. இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இப்படி யோசித்ததில்லை. ஆனால் ‘உங்க படத்துல விகாரம் இருக்கு’ என்று ஒரு பெண்ணிடம் நான் சொன்னால் அவர் அழுதுவிடுவார். நாங்கள் ஆர்ட்டிஃபாக்ட் என்றே சொல்கிறோம், ஒரு குறையும் இல்லை. விஞ்ஞானி பால் லாட்டர்பர் 1973இல் எம்.ஆர்.ஐ. முறையை வெளியிட்டபோது கிரேக்கத்திலிருந்து ஸூக்மட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். 2003இல் நோபல் பரிசு வந்தது, அந்தப் பெயர் மட்டும் எங்கேயும் நிற்கவில்லை.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள் என்ன, தம்பி?

சேலம், டெக்னீஷியன்:

நுகத்தில் பூட்டுவதாம் ஐயா. இரண்டு காந்தப் புலங்களைச் சேர்த்துப் பூட்டிப் படம் எடுப்பதால்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

அப்படியானால் அவர் சொன்னதும் புணர்ச்சிதான்! நல்ல பெயர், பாவம். விகாரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. ‘திரிபு’ என்று வைத்துக்கொள்வோம். ‘ஐயந்திரிபற’ என்பது எல்லாருக்கும் பழகிய தொடர். மூன்று விகாரத்தில் ஒன்றை மட்டும் பொதுப்பெயராக்குகிறோமே என்ற உறுத்தல் இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவதற்கு ‘மருள்’. பொருளல்லவற்றைப் பொருளென்று உணர்வது மருள் என்பது 351ஆம் குறள்.

திருச்சி, மருத்துவர்:

திரிபு எனக்குச் சம்மதம். மருள் பற்றி ஐயம். உணர்வது யார்? இயந்திரம் எதையும் உணரவில்லை. மருள்வது, அந்தப் படத்தை நம்புகிற நான். உலோகக் கோடு கண்ணை உறுத்தும், உடனே தெரியும். நெட்வொர்க் நிரப்பியது சுத்தமான திசு போலவே இருக்கும்; அதுதான் எனக்குப் பயம். இன்னொன்றும் உண்டு. இல்லாததைச் சேர்ப்பது மட்டுமல்ல, இருக்கும் சிறு மாற்றத்தை விழுங்கிவிடவும் கூடும் என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது. ஐயா மொழியில் சொன்னால், பிரித்தெழுத முடியாத புணர்ச்சி.

சேலம், டெக்னீஷியன்:

எங்கள் ஊர்ப்பக்கம் மருள் வருவது சாமியாடுகிறவர்களுக்கு. ‘இட்டுக்கட்டல்’ என்று போடுங்களேன். இல்லாத கதையை இட்டுக்கட்டிவிட்டான் என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

காட்சிப்பிழையை நான் கைவிடவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். இட்டுக்கட்டலுக்கு ஆதரவு.

மதுரை, ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. முதலாவது திரிபு. இரண்டாவது இட்டுக்கட்டல், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஹாலுசினேஷன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். தோன்றல், திரிதல், கெடுதல் விளக்கத்தை ஐயா சொன்னபடியே ஒரு பக்கமாகச் சேர்த்துவிட்டேன். பித்தப்பை நிழலுக்குத் தனியாக ஒரு பெட்டி.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

மகிழ்ச்சி அம்மா. இட்டுக்கட்டலை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. அது தெரிந்தே செய்பவனின் வேலை. இயந்திரத்துக்குத் தெரியாதே.

யாழ்ப்பாணம், ஆசிரியர்:

சொல் அட்டவணையில் படிமத்துக்குப் பக்கத்தில் விம்பத்தையும் போடுங்கோ, அம்மா. எங்கட பிள்ளைகளும் வாசிப்பார்கள்.