மில்லே வரைந்த நியூமன்: மனிதரா, சிவப்பு அங்கியா?

செம்பருத்தி:
ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே 1881-ல் தைலவண்ணத்தில் வரைந்த கர்தினால் (கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தைக்கு அடுத்த பதவி) நியூமன் படத்தை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. கண் நேராகச் சிவப்புப் பட்டுக்குத்தான் போகிறது. அந்த அங்கிக்குள் வேறொரு முதியவரை உட்காரவைத்தாலும் படம் அப்படியே நிற்கும். எழுத்திலேயே வாழ்ந்த மனிதர் எங்கே?

பழைய_மணி:
அந்தச் சிவப்பு கர்தினால்களின் உடை. அது அவரிடம் எப்போது வந்தது என்று பாருங்கள். 1845-ல் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கர் ஆனார். விட்டு வந்த இடத்தில் கோபம், போய்ச் சேர்ந்த இடத்தில் சந்தேகம். 34 வருடம் கழித்து, 1879-ல், திருத்தந்தை 13ஆம் லியோ அவரைக் கர்தினால் ஆக்கினார். அப்போது வயது 78. ஆயராகக்கூட இருந்ததில்லை, பர்மிங்காமில் ஒரு குரு, அவ்வளவுதான். இந்த அங்கி இல்லாமல் அவர் கதை முடியாது.

செம்பருத்தி:
அது நீங்கள் படித்துத் தெரிந்துகொண்ட கதை, படம் சொல்கிற கதை இல்லையே. வாட்ஸ் என்ற ஓவியர் 1882-ல் வரைந்த கர்தினால் மேனிங்கைப் பாருங்கள். அதே அரங்கு, அதே பதவி. ஒட்டிப்போன கன்னம், குழிவிழுந்த கண். அவர் யாரென்றே தெரியாதவர்கூட அந்த முகத்தின் முன் நின்றுவிடுவார். பதவியை மீறி ஆள் தெரிகிறார்.

தாரப்பீன்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள், நானும் தைலவண்ணத்தில் வரைகிறவன். பளிச்சென்ற சிவப்புக்குப் பக்கத்தில் முகம் வரைவது பெரிய பாடு. துணியின் நிறம் தாடைக்கு அடியில் ஏறும். அதை விட்டுவிட்டால் முகம் மாவு பூசியதுபோல் வெளிறிவிடும், கூட்டினால் குடித்தவர் முகமாகிவிடும். மில்லே இரண்டிலும் விழவில்லை. அப்புறம், சிறிய சிவப்புத் தொப்பிக்குக் கீழே, காதுப்பக்கம் வெள்ளை முடி கொஞ்சம் கலைந்து நிற்கிறது பாருங்கள். எண்பது வயதுக்காரரின் முடி. அங்கியை மட்டும் வரைய வந்தவர் அதை அழகாகச் சீவிவிட்டிருப்பார்.

செம்பருத்தி:
முடியை நான் கவனிக்கவில்லை, நல்ல கண் உங்களுக்கு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதே மில்லே 1879-ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி கிளாட்ஸ்டனை வெறும் கறுப்புக் கோட்டில் வரைந்தார். அதில் முகமும் கையும்தான் எல்லாம். நியூமன் அன்றாடம் உடுத்தியதும் அவர் சேர்ந்திருந்த ஓரட்டரி என்ற குருக்கள் சபையின் கறுப்பு அங்கிதான். அதிலேயே உட்காரவைத்திருக்கலாமே?

பழைய_மணி:
வைத்திருந்தால் கர்தினால் ஆவதற்கு முந்தைய நியூமன் கிடைத்திருப்பார். மில்லேக்கு முன் உட்கார்ந்தவர் 1881-ன் நியூமன், நண்பரே. கிளாட்ஸ்டனுக்குக் கறுப்புக் கோட்டு பழகிய துணி. இவருக்கு இந்தச் சிவப்பு வந்து இரண்டே வருடம். இன்னும் உடம்புக்குப் பழகாத அங்கிக்குள் ஒரு கிழவர் சிறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். துணி பெரிதாகத் தெரிவது அதனால்தான் என்பேன்.

செம்பருத்தி:
சிறுத்துப்போய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தவர் இன்னும் மேனிங்தான்.