விலை கையைக் கடிக்கும்போது முதலில் நின்றது எது?

கோயம்புத்தூரிலிருந்து:

‘உங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்குச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு?’ என்று இங்கே கேட்டதற்கு எல்லோரும் தொகையை டாலரில் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பின்னிங் மில் மெஷின்களை எரக்‌ஷன் செய்து, அதாவது பொருத்தி, ஓட்டிக் கொடுக்கிற வேலை என்னுடையது. அதனால் வெளிநாடுகளில் சிலர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தொகையை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. விலை ஏறியபோது அந்த வீட்டில் முதலில் எது நின்றது, என்ன ஏறினாலும் எது நிற்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அந்த நாடே வெளியே வந்துவிடும்.

எனக்கு நன்றாகப் பழக்கமான ஊர் எகிப்தில் மஹல்லா அல் குப்ரா. நைல் டெல்டாவில் இருக்கிறது. பருத்தி, நூல், துணி, இவற்றை விட்டால் பேச்சு கிடையாது. அந்த வகையில் நம் திருப்பூர்க்காரன் அங்கே போனாலும் இரண்டு நாளில் பழகிவிடுவான். என்னோடு நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் வீட்டுக்கு அடிக்கடி போவேன். அவர், மனைவி, மூன்று பிள்ளைகள், அவருடைய அம்மா என்று ஆறு பேர்.

அந்த வீட்டில் நிற்காதது ரொட்டி. பலதி ரொட்டி என்பார்கள். தவிடு கலந்த கோதுமை மாவில் வட்டமாக, நடுவில் பை மாதிரி உப்பி வரும். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி, அதாவது அந்த வீட்டுக்கு முப்பது. 2024 ஜூன் 1 முதல் ஒரு ரொட்டி 20 பியாஸ்தர். நூறு பியாஸ்தர் ஒரு எகிப்து பவுண்ட். ஆக முப்பது ரொட்டிக்கு 6 பவுண்ட், அப்போதைய மதிப்பில் நம் காசுக்குப் பத்துப் பதினோரு ரூபாய். ஆறு பேருக்கு ஒரு நாள் முழுக்க! அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேலாக வெறும் 5 பியாஸ்தர்தான். ஒரு ரொட்டி சுட 125 பியாஸ்தர் ஆகிறது என்று பிரதமரே சொல்லித்தான் விலையை ஏற்றினார்.

அங்கே ரொட்டி விலையில் கை வைப்பது சாதாரண விஷயம் இல்லை. 1977 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி சதாத்தின் அரசு மானியத்தைக் குறைத்ததும் நாடே தெருவுக்கு வந்தது. இரண்டே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இதே மஹல்லாவில் 2008 ஏப்ரல் 6 அன்று விலைவாசியும் கூலியும் சேர்ந்து பெரிய கலவரம் ஆனது. அதனால் பின்னால் வந்தவர்கள் விலையைத் தொடாமல் ரொட்டியைத் தொட்டார்கள். 2020இல் அதன் எடை 110 கிராமிலிருந்து 90 கிராம் ஆனது. ஃபிட்டரின் அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவார்.

காலையில் அந்த ரொட்டிக்கடைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னலில் அட்டையை நீட்டினால் ஒரு சின்ன மெஷினில் செருகி எடுக்கிறார்கள். அடுப்பிலிருந்து வரும் ரொட்டி கையில் பிடிக்க முடியாத சூடு. அப்படியே பையில் போட்டால் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வாங்கியவர்கள் பக்கத்தில் நிற்கும் கார் பானெட் மேல் வரிசையாகப் பரப்பி, திருப்பிப் போட்டு ஆற விடுகிறார்கள். காரின் சொந்தக்காரர் வந்தால் அவரும் காத்திருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

சரி, நின்றது எது? மாட்டிறைச்சி. 2024இல் கிலோ 400 பவுண்டை ஒட்டிப் போய்விட்டது. ஒரு கிலோ கறிக்குக் கொடுக்கும் காசில் அந்தக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு மேல் ரொட்டி வாங்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் கோழி, வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஆனது. அதற்கும் கீழே இறங்கி, சதை எடுத்த எலும்புக்கூட்டை வாங்கிச் சூப் வைத்தார்கள். 2022 டிசம்பரில் அரசின் தேசியச் சத்துணவு நிறுவனம் மலிவான புரதங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் கோழிக்கால், சதைப் பகுதி இல்லை, நகத்தோடு இருக்கும் அடிக்கால். பூனைக்குப் போடுவதை எங்களைத் தின்னச் சொல்கிறார்கள் என்று நாடு முழுக்கக் கொதித்தது. நடந்தது என்னவென்றால், அந்தக் காலுக்கும் விலை ஏறிவிட்டது.

வேளைக்கு வேளை ரொட்டி இருக்கிறது. அதோடு அவரை மாதிரியான பயறை இரவெல்லாம் வேகவைத்த ஃபூல், மக்ரோனி, சோறு, எண்ணெய். ரொட்டியைக் கிழித்து மடக்கிக் கரண்டி மாதிரி ஆக்கி ஃபூலை அள்ளுகிறார்கள். வயிறு காயவில்லை. ஆனால் 2018-19இல் அங்கே நாடு தழுவிய ஒரு பரிசோதனை நடத்தியபோது பெரியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பருமன் என்று வந்தது. அதே வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தசோகையும் இருக்கிறது. வாரச் செலவு குறைவு, எனவே குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தால் எப்படித் தப்பாகப் போகிறது பாருங்கள்.

ஃபிட்டரின் மனைவிதான் இதில் கில்லாடி. எடுக்காத ரொட்டிக்கு அட்டையில் புள்ளி ஏறும். மாதம் முடிந்ததும் அந்தப் புள்ளிக்குச் சர்க்கரை, எண்ணெய், டீத்தூள் வாங்கலாம். எந்த நாளில் சோறு வடித்தால் எத்தனை ரொட்டி மிச்சம், அதற்கு எவ்வளவு எண்ணெய் என்று மனக்கணக்காகவே சொல்வார். எங்கள் கம்பெனி அக்கவுண்டன்ட் அவரிடம் பாடம் படிக்கலாம்.

கடைசி முறை போனபோது எனக்காக வாத்துச் சமைத்திருந்தார்கள், கூடவே முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிய மஹ்ஷி. அந்த ஒரு வேளைக்கு ஆன செலவு அவர்களுடைய வாரக் கணக்கில் எங்கேயும் வராது. யாராவது வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். விருந்தாளிக்குச் செய்ததைக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் நமக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

டாக்காவுக்குப் பக்கத்தில் காஜிபூரிலும் கொஞ்சகாலம் இருந்தேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்கள் ஊரில் எது நின்றது?


கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டில் முதலில் நின்றது பால்மா, அதாவது பால் பவுடர்.

2022இல் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. அதற்கு முதலே கடையில் பால்மா இல்லை. எங்கள் நாட்டில் தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா கூடுதலாக வெளியிலிருந்துதான் வருகிறது. டொலர் இல்லாவிட்டால் கப்பலில் வந்தது துறைமுகத்திலேயே நிற்கும். ஒரு பைக்கற்றுக்கு விடியவே வரிசையில் நின்றோம். பிறகு அதையும் விட்டுவிட்டு எல்லாரும் பால் இல்லாத பிளேன்டீக்கு மாறினோம். இப்போது பால்மா தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் என் இவர் பிளேன்டீயிலேயே நின்றுவிட்டார்.

அடுத்தது மீன். விலையால் மட்டும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிரிட்ஜில் மீனை வைத்து என்ன செய்வது? காஸும் இல்லை. ஊரில் இருந்தால் விறகு அடுப்பு மூட்டலாம், நான்காம் மாடி ஃபிளாட்டில் எங்கே மூட்டுவது? ஒருமுறை காஸ் கிடைத்தால் சோற்றையும் பருப்பையும் ஒரே நேரத்தில் வைத்து இறக்கிவிடுவேன். பருப்பும் இறக்குமதிதான், அதனால் அது தண்ணீராகிக்கொண்டே போனது. முட்டையைப் பாதியாக வெட்டிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வைத்தேன்.

நிற்காதது சோறும் தேங்காய்ச் சம்பலும். அவற்றின் விலையும் ஏறத்தான் செய்தது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதில் நெல் விளைச்சல் விழுந்தது. ஆனாலும் அது இல்லாமல் ஒரு நாள் போகவில்லை.

அண்ணா சொன்ன கணக்கு விஷயம் எனக்கு நல்லாகவே விளங்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது வருடத்துக்குள் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த வருடம் ரூபாயில் என் வாரச் செலவை எழுதினால், முந்திய வருடத்தைவிட நாங்கள் நல்லாகச் சாப்பிட்டோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டொலரில் மாற்றினால் நேர்மாறாக, குறைந்துவிட்டது என்று வரும், ஏனென்றால் எங்கள் ரூபாய் அப்படி விழுந்தது. இரண்டிலும் அந்தப் பாதி முட்டை தெரியாது.

அடுத்த வருடம் பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். குறைந்தது ஏறுகிற வேகம்தான். ஏறிய விலை ஏறினபடி இருக்கிறது. இதை என் மாமியாருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு!


டோக்கியோ, நிஷிகசாயிலிருந்து:

இங்கே அரிசியே நின்றது. ஜப்பானில் போய் அரிசியா என்று என் அம்மா இன்னும் நம்பவில்லை.

2023 கோடையின் கடும் வெயிலில் விளைச்சலின் தரம் கெட்டது. 2024 ஆகஸ்டில், ஜப்பானுக்குத் தெற்கே கடலடியில் இருக்கும் ‘நான்காய்’ பள்ளத்தில் பெரிய நிலநடுக்கம் வரக்கூடும் என்று அரசு எச்சரித்ததும் ஜனங்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசித் தட்டு காலி. திரும்ப வந்தபோது, 2,000 யென்னை ஒட்டி விற்ற 5 கிலோ பை 2025 தொடக்கத்தில் 4,000 யென்னுக்கு மேல். அந்த நேரம் பார்த்து விவசாய அமைச்சர் தாகு எத்தோ, நான் அரிசியை விலைக்கு வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள் என்று மேடையில் பேசினார். அந்த மே மாதமே பதவி போனது. அப்புறம் அரசுக் கையிருப்பில் இருந்த பழைய அரிசியை 2,000 யென் அளவில் விற்றார்கள். வரிசை நம் ரேஷன் கடையைத் தோற்கடித்தது.

எங்கள் மாடியில் பென்ஷனில் தனியாக வாழும் ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டுக் கணக்கு நோட்டு எழுதாமல் தூங்க மாட்டார். அவருக்கு முதலில் நின்றது பழம். இங்கே ஆப்பிளை ஒன்று இரண்டாகத்தான் வாங்குவார்கள், அவ்வளவு விலை. அடுத்தது மீன். அரிசியில் பார்லி கலந்து வடித்தார், சில ராத்திரி வெறும் உடோன் நூடுல்ஸ். நிற்காதது முளைப்பயறு, ஒரு பாக்கெட் 40 யென்னுக்குள் கிடைக்கும். அதை வதக்கி, சூப்பில் போட்டு, முட்டையில் கலந்து என்று மாதக் கடைசியை ஓட்டிவிடுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பையன் ஸ்டிக்கர் மெஷினோடு வருவான். சமைத்து வைத்த பெட்டிகள் மேல் முதலில் 20 சதவீதத் தள்ளுபடி, பிறகு 30, கடைசியில் பாதி விலை. அவன் வருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே சுத்தி நின்று, யாரும் யாரையும் பார்க்காமல், ஊறுகாய் பாட்டிலின் லேபிளைப் படிப்பதுபோல் நடிப்பார்கள். கை நீட்டித் தள்ளுவது கிடையாது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய அடுத்த நொடி பெட்டி இருக்காது. கோட் சூட் போட்டவர்களும் அதில் உண்டு.

இங்கே டிவியில் ‘எங்கெல் குணகம்’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் இல்லை, இவர் எர்ன்ஸ்ட் எங்கெல், ஜெர்மானியப் புள்ளியியல்காரர். வருமானம் ஏற ஏற வீட்டுச் செலவில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857இல் சொன்னவர். அந்தப் பங்குதான் எங்கெல் குணகம். ஜப்பானில் அது 2024இல் 28.3 சதவீதம், 43 வருடத்தில் இல்லாத உச்சம். ஜப்பான் பணக்கார நாடுதானே என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

என் வீட்டில் என்ன நின்றது என்று சொல்லவில்லையே. ஒன்றும் நிற்கவில்லை, மாப்பிள்ளை ஐடி. ஆனால் இங்கே கறிவேப்பிலைக்கு நான் கொடுக்கும் விலையை மட்டும் அம்மாவிடம் சொன்னதில்லை.


பல்லடம் பக்கமிருந்து:

டீக்கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் அரிசிக்கு யாரும் பயப்படுவதில்லை. 2011லிருந்து ரேஷனில் இலவசம். பருப்பு கிலோ 30, பாமாயில் 25. ஆனால் அந்த அரிசியைச் சோற்றுக்கு வடிப்பவர்கள் எங்கள் தெருவில் கம்மி. இட்லிக்கு ஊறப்போடுவார்கள், சோற்றுக்குக் கடை அரிசி. எகிப்து ஃபிட்டரின் மனைவி போடுகிற புள்ளிக் கணக்கு மாதிரி இங்கேயும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது முதலில் நின்றது அதுதான். ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள், கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் புளியை நாலு சுளை கூடப் போட்டுச் சமாளித்தார்கள். மட்டன் எப்போதோ ஆடி நோம்பிக்கும் தீபாவளிக்கும் என்று ஆகிவிட்டது.

நிற்காதது என் கடை! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2023-24 வீட்டுச் செலவு சர்வேயில் இந்தியக் கிராமங்களில் மொத்தச் செலவில் 47 சதவீதம் சாப்பாட்டுக்கு, நகரத்தில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சாப்பாட்டுக்குள்ளேயே அதிகப் பங்கு அரிசி கோதுமைக்கு இல்லை, டீ காபி மாதிரிக் குடிப்பவை, பலகாரம், பாக்கெட் தின்பண்டம், சமைத்து விற்பது, எல்லாம் சேர்த்து அதற்குத்தான். தறி ஓட்டுகிற ஆள் காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு டீயும் பஜ்ஜியும், சாயங்காலம் மறுபடி. வாரம் எவ்வளவு ஆகும் என்று அவர் வீட்டம்மாவிடம் போய்க் கேட்டால் அரிசி, பருப்பு, காய், பால் என்று பைசா சுத்தமாகச் சொல்வார். என் நோட்டில் இருக்கும் பாக்கி அதில் வராது.