தீயில் மூழ்கிய மர இழுவைப் படகா? எப்படி உறுதி செய்வது?

நீரோடிக்கரை:
பொழியூருக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவே, கடலில் 8 பாகம் (சுமார் 15 மீட்டர்) ஆழத்தில் ஒரு படகுச் சிதைவு. ஏராவும் (அடி நடுக்கட்டை) வங்குகளின் (விலா மரங்கள்) அடிப்பாகமும்தான் மிச்சம். நடுவில் உருளை பாய்லர், அதற்கு அமரப் பக்கம் (படகின் பின்பக்கம்) இரண்டு சிலிண்டர் இன்ஜின். ஏராவை ஒட்டிய வங்குகள் கறுப்பாக இருக்கின்றன. தீப்பிடித்த நீராவி டக் (இழுவைப் படகு) என்கிறார்கள் கரையில். இந்தக் கறுப்பு போதுமா? சரக்குப் படகு இல்லை, டக்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

வங்குப்பலகை:
போதாது தம்பி. மரப்படகு பொதுவாக நீர்மட்டம் வரைதான் எரியும். அதற்குக் கீழே பலகை ஊறிக் கிடப்பதால் தீ இறங்காது. நீங்கள் பார்ப்பது அதற்கும் வெகு கீழே. இரும்பாணி துருவும் மரச்சாறும் சேர்ந்தாலே மரம் கறுக்கும், காற்றுப் புகாத சேறும் கறுக்க வைக்கும். விரலால் தேயுங்கள். கரி என்றால் பொடியாக உதிரும், மேற்பரப்பு முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெறும் கறை என்றால் நார் கெட்டியாகவே இருக்கும்.

கரியைத் தேட வேண்டிய இடம் வேறு. இன்ஜின் பாரத்தில் உடல் விரிந்து, பக்கப் பலகைகள் வெளியே சாய்ந்து மணலில் புதைந்திருக்கும். ஏராவிலிருந்து குறுக்கே டேப் போட்டு, அதன் ஓரமாகக் கையால் மணலை விசிறிக்கொண்டே போங்கள். மணலுக்கு மேலே நீட்டியதை, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு எப்போதோ தின்றிருக்கும். அடியில் உருகி உறைந்த ஈயமோ கண்ணாடிக் கட்டியோ கிடைத்தால் நல்ல சாட்சி. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். நிலக்கரிச் சாம்பல்கட்டியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், அது எந்த நீராவிப் படகிலும் கிடக்கும். பாய்லர் தகடு வெளிப்பக்கம் பிளந்திருந்தால் விஷயம் வெடிப்பு.

அமரத்தடி:
டக் என்றால் இழுவைக் கொக்கியைப் பாருங்கள். அது அமரக் கடைசியில் இருக்காது, புகைபோக்கிக்குப் பின்னால், படகின் நடுப்பகுதியை ஒட்டியே இருக்கும். கடைக்கோடியில் கயிறு கட்டினால் சுமை அமரத்தைப் பிடித்துக்கொள்ளும், படகு திரும்பாது. தளம் எரிந்ததால் கொக்கி கீழே விழுந்திருக்கும், அதனால் இன்ஜினுக்குப் பின்னால் தேடுங்கள். படகின் நீளத்துக்கு மீறின பெரிய புரொப்பல்லரும் அடையாளம். சின்னச் சரக்குப் படகு என்றால் பாய்லரும் இன்ஜினும் பொதுவாக நடுவை இப்படி அடைத்திருக்காது.

சிலிண்டர் இரண்டும் ஒரே அளவா? ஒன்று பெரிது என்றால் காம்பவுண்ட், அதாவது ஒரே நீராவியைச் சின்ன சிலிண்டரிலும் பிறகு பெரியதிலும் பயன்படுத்தும் இன்ஜின். பாய்லர் உலைக்குழாய் நெளிநெளியாக இருந்தால் 1877க்குப் பிந்தையது. அந்த ஆண்டுதான் இங்கிலாந்துப் பொறியாளர் சாம்சன் ஃபாக்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

நீரோடிக்கரை:
ஒன்று பெரிது அண்ணா. உலைக்குழாயும் நெளிவுதான். ஒரு வங்குத் துண்டை மேலே கொண்டுவந்து பார்க்கலாமா?

வங்குப்பலகை:
வேண்டாம். ஊறின மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கடலடியிலிருந்து தூக்கிய ஸ்வீடனின் வாசா மரக்கப்பலுக்கு 1962 முதல் 1979 வரை மருந்துக் கரைசல் தெளித்தார்கள், ஒரு துண்டுக்கே நம்மிடம் அந்த வசதி ஏது? அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், வங்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பாய்லரைச் சுற்றி வெள்ளை நார் தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும்.

அமரத்தடி:
கைவிட்ட வலை பாய்லரைச் சுற்றிக் கிடக்கும். கத்தி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று காலில், ஒன்று நெஞ்சுப்பட்டையில்.