கொல்லாமல் எலியை வெளியேற்ற முடியுமா? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது

செண்பகா:
வணக்கம். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், மாமியார், நாலு வயது மகள், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கும் பத்து மாதப் பையன். குறுவை அறுப்பு முடிந்து மழை பிடித்ததிலிருந்து சுண்டெலித் தொல்லை தாங்க முடியவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னாலும் அடுப்பு மேடையிலும் தினமும் காலையில் கருஞ்சீரகம் சிந்தியதுபோலப் புழுக்கை கிடக்கிறது.

கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பசை அட்டை வாங்கி வைத்தேன். வைத்திருக்கவே கூடாது. விடியற்காலை நாலு மணிக்குக் கீச்சென்று சத்தம் கேட்டு எழுந்து போனால், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு, வயிறும் ஒரு பக்கக் கன்னமும் பசையில் ஒட்டி, முன்னங்காலை இழுத்து இழுத்துத் தோலே உரிந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து மகளும் எழுந்து வந்துவிட்டாள். கடலை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிரித்தெடுத்தோம். ஆனால் அரை மணி நேரம்கூட உயிரோடு இல்லை. இரண்டு நாளாக அவள் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளையார் வாகனத்தைக் கொல்லாதே என்கிறார் மாமியார். மருந்து கேக் வைத்து ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். கூண்டில் பிடித்து வெளியே விட்டால் திரும்பி வராதா? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதிக்காரன்:
சகோதரி, மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கேக் ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி அன்றைக்கே சாகாது, நாலைந்து நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும், அதுவும் ஓட்டு இடுக்கில் போய்ச் சாகும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து. எலி பேஸ்ட் அதைவிட மோசம். அதில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலைக் கெடுத்துவிடும், அதற்கு முறிமருந்தே கிடையாது. தமிழ்நாடு அரசு அதை விற்கக் கூடாது என்று தடை போட்டதும் அதனால்தான். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் பையன் இருக்கிறான்.

எலி போக வேண்டுமென்றால் ஓட்டையை அடைக்க வேண்டும், இதுதான் நான் ஓட்டு வீட்டிலேயே 20 வருஷம் இருந்து கற்றது. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழையும். எங்கே நுழைகிறது என்று தெரியவில்லையா, ராத்திரி படுக்கும் முன் சுவரோரம் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடம் எங்கிருந்து கிளம்பி எங்கே முடிகிறது என்று அதுவே காட்டிவிடும். எங்கள் வீட்டில் தொட்டிக் குழாய் சுவருக்குள் போகும் இடம்தான் வழி. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினேன். வெறும் துணியோ தெர்மாகோலோ வைத்தால் ஒரே ராத்திரியில் கடித்து எறிந்துவிடும். கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை அடித்துவிடுங்கள். சுவர்த் தலைப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பெரிய வேலை, அங்கே பொடிக் கண் உள்ள கம்பி வலை வேண்டும், கொத்தனாரைக் கூப்பிட்டுத்தான் செய்ய முடியும்.

திண்ணை:
கூண்டு வேலை செய்யும், நான் ஆறு வருஷமாக அதைத்தான் வைக்கிறேன். ஆனால் வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது. சுண்டெலி அவ்வளவு சின்ன உடம்பு, தண்ணீரும் தீனியும் இல்லாமல் ராத்திரி முழுக்கக் கிடந்தால் பயத்திலும் குளிரிலும் செத்துவிடும். படுக்கும் முன் ஒரு தடவை, நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்திருக்கும்போது ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே ஒரு கந்தல் துணியும் வெள்ளரித் துண்டும் போட்டு வையுங்கள். மசால் வடையைவிட வறுத்த வேர்க்கடலை நன்றாக இழுக்கிறது. கூண்டை அறை நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள், அவை சுவரோரமாகத்தான் ஓடும். மாட்டியதும் கூண்டின் மேல் துணி போட்டு மூடிவிட்டால் முட்டி மோதாமல் அடங்கும்.

எங்கே விடுவது என்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். வண்டியில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோய்ப் பொட்டலில் விட்டால் அதற்கு வளையும் தெரியாது, தீனி இருக்கும் இடமும் தெரியாது, காக்கையோ நாயோ முடித்துவிடும். முதலில் வீட்டு ஓட்டைகளை அடைத்துவிடுங்கள், அப்புறம் கொல்லைப்புறத்திலோ பக்கத்து வாய்க்கால் ஓரத்திலோ புதர் இருக்கும் இடத்தில் பொழுது சாய்ந்ததும் விடுங்கள். அடைக்காமல் விட்டால் உங்களுக்கு முன்னால் அது வீட்டுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, பரணைப் பாருங்கள். எங்கள் கொலுப் பெட்டியைத் திறந்தபோது தசாவதார செட்டுக்குச் சுற்றியிருந்த செய்தித்தாளை எல்லாம் நாராகக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது. உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள், இளஞ்சிவப்பாக, அவரை விதை அளவுதான். பெட்டியோடு மெதுவாக இறக்கி விறகுக் கொட்டகையில் வைத்தோம். அன்று ராத்திரியே தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. தாயை மட்டும் பிடித்து வெளியே விட்டிருந்தால் அத்தனையும் பட்டினியில் செத்திருக்கும்.

வயக்காடு:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் அப்பா வயலில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைப்பவர், எலி என்றால் பயிரைத் தின்பது என்றுதான் வளர்ந்தோம். வீட்டில் பத்துப் பதினைந்து ஆகிவிட்டால் கூண்டு மட்டும் போதாது, மூன்று வாரத்துக்கு ஒரு ஈற்று போடும். அப்போது நல்ல விசையுள்ள பொறி, குழந்தை கைபடாத இடத்தில் வைத்தால் நொடியில் முடிந்துவிடும். கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குகிறார்களே, அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பொறி எவ்வளவோ மேல். பசை அட்டை கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியமே 2011-லும் 2020-லும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடைகளில் இன்னும் தொங்குவதுதான் வேதனை.

மருதாணி:
செவிலியராக ஒரு வார்த்தை. புழுக்கையைக் காய்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீர் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சல் மூத்திரத்தில்தான் பரவுகிறது, பையன் தவழும் தரை அது. அப்புறம், நீள மூக்கோடு சிக் சிக்கென்று கத்திக்கொண்டு ஓடுவது மூஞ்சூறு. அது கரப்பான் தின்னும், வாசல் கதவைத் திறந்து வழி விட்டால் போதும்.

செண்பகா:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது. கணவர் அந்தச் செய்தியைப் படித்ததும் மருந்துப் பேச்சை விட்டுவிட்டார். சிமெண்ட், வலைச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தார். அரிசியும் பருப்பும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போயாச்சு. கூண்டில் நாலு மாட்டியது, நாலையும் மகளே கூட வந்து கொல்லை வாழைப் புதரில் விட்டாள். கடைசியாக விட்டது கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து முகத்தைத் தடவிக்கொண்டது, அதைப் பார்த்த பிறகு அவள் பசை அட்டையைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கோலப்பொடியைப் பார்க்க ஓடுகிறாள். மூன்று நாளாகச் சுத்தமாக இருந்தது, இன்று அடுப்பு மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு வரிசைத் தடம். சாயங்காலம் அந்த மேடையை நகர்த்திப் பார்க்கப் போகிறோம்.